ரீச் விழுந்ததும் சின்னப் பேஜ்காரர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுனில் முறுக்கு, பூமாலை, தையல், கேட்டரிங் என்று ஃபேஸ்புக் பேஜ் நடத்துபவர்களுக்கு ஆயிரம் ஃபாலோவர் சேர்ந்தாலே பெரிது. அதில் முந்நூறு பேர் பார்த்துவந்த பதிவை இன்று நாற்பது பேர்கூடப் பார்க்கவில்லை என்றால் கை பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றத்தில் செய்யும் வேலைகள்தான் பேஜை இன்னும் கெடுக்கின்றன.

ரீச், அதாவது பதிவைப் பார்த்தவர் எண்ணிக்கை, உண்மையிலேயே விழுந்ததா என்று முதலில் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின வாரத்தை அடுத்த வாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஃபேஸ்புக் நம்மை அமுக்கிவிட்டது என்று புலம்புவது வீண். பேஜின் கணக்கைக் காட்டும் இன்சைட்ஸில் கடந்த 28 நாளை அதற்கு முந்திய 28 நாளோடு வைத்துப் பாருங்கள். பார்த்தவர்களில் ஃபாலோவர் எத்தனை, மற்றவர் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். மற்றவர் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால் நன்றாக ஓடிய ஏதோ ஒரு ரீல் அடங்கியிருக்கும். ஃபாலோவர்களே பார்க்கவில்லையென்றால்தான் உங்கள் பதிவுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர் குடும்பத்தார் பதிவுகளுக்கும் ஆட்கள் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கும் முன்னிடம் என்று அறிவித்தது. பேஜ்களின் இடம் அப்போதே சுருங்கியது. இதைத் தெரிந்துகொண்டும் நம் ஆட்கள் விடாத பழக்கம் ஒன்று உண்டு: "விலைக்கு பிஎம் பண்ணுங்க" என்று தனி மெசேஜுக்கு அனுப்புவது. ஒரு கிலோ முறுக்கு எவ்வளவு என்பதில் என்ன ரகசியமோ! விலையைப் பதிவிலேயே போடுங்கள். கமெண்டில் "காரம் குறைவா கிடைக்குமா?" என்று கேட்டால் அங்கேயே பதில் சொல்லி, "எத்தனை பாக்கெட் வேணும், எப்போ வேணும்?" என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்தவரும் அதைப் படித்துத்தான் கேட்க வருவார்.

இதற்குக் குறுக்குவழியாக "பிடிச்சா லைக், இல்லைன்னா ஷேர்", "மூணு பேரை டேக் பண்ணுங்க" என்று எழுதுபவர்களும் உண்டு. அப்படிக் கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக 2017 டிசம்பரிலேயே ஃபேஸ்புக் சொல்லிவிட்டது. காசு கொடுத்து லைக் வாங்குவதோ அதைவிட மோசம். அந்தக் கணக்குகள் உங்கள் பதிவை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

வீடியோவில் தவறு வேறு மாதிரி. ஃபேஸ்புக்கில் ஏற்றும் எல்லா வீடியோவும் ரீலாகும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். ரீலைப் பார்ப்பவரில் பலர் உங்களை அறியாதவர்கள். பத்து விநாடி லோகோ சுற்றினால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் மூன்று விநாடியில் எண்ணெயில் முறுக்கு விழட்டும்; "சுங்கை சிப்புட்" என்று திரையில் எழுதுங்கள். இல்லையென்றால் ஜொகூர்க்காரர் ரசித்துவிட்டுப் போவார், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கடை எங்கே என்றே தெரியாது. டிக்டாக் முத்திரையோடு இறக்கிய வீடியோவை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். அப்படிப்பட்டதைக் குறைவாகவே பரிந்துரைப்போம் என்று 2021லேயே சொல்லிவிட்டார்கள். போனில் எடுத்த மூல வீடியோவை வைத்திருந்து இரண்டிலும் தனித்தனியாக ஏற்றுங்கள்.

காசு கட்டிப் பதிவைப் பரப்பும் பூஸ்ட் போடுபவர்கள் இடத்தை "மலேசியா" என்றே விட்டுவிடுகிறார்கள். முப்பது ரிங்கிட் நாடு முழுக்கச் சிதறினால் உங்கள் டவுனுக்கு என்ன மிஞ்சும்? வரைபடத்தில் கடையின் மேல் குறி வைத்து அதிலிருந்து எல்லாப் பக்கமும் 20 கிலோமீட்டர் தூரம் கொடுத்தால் கோலகங்சார் வரை அடங்கும். ஈப்போவுக்கும் டெலிவரி உண்டென்றால் 30 வையுங்கள். நோக்கம் என்ற இடத்தில் மெசேஜ் வருவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபீடை மட்டும் நம்பாமல் வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் எல்லாரையும் ஒரே குரூப்பில் கொட்டினால் பாதிப் பேர் அன்றே வெளியேறுவார்கள், ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போதும். ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே பார்சல் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.