பழைய தெருவின் வரலாற்றைத் தேடுவது எப்படி: சென்னை அரண்மனைக்காரன் தெருவை முன்வைத்து

தெரு வரலாறு எழுத முனைபவர்களில் பலர் நூலகத்தில் தொடங்குகிறார்கள். முதலில் தெருவுக்குச் செல்லுங்கள் என்பதே என் பரிந்துரை. எந்த ஆவணத்தை எந்தக் கேள்வியோடு திறக்க வேண்டும் என்பதை அங்கு நிற்கும் சுவர்களே காட்டிக்கொடுக்கும். தமிழகத் தலைநகரின் ஜார்ஜ் டவுனில் உள்ள அரண்மனைக்காரன் தெரு இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. ஆர்மீனியன் தெரு என்றும் அதற்குப் பெயர் உண்டு என்பதால், பின்னர் ஆவணங்களைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

கடைகள் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போவது நல்லது. கடைப் பலகைகளுக்கு மேலே, மாடி முகப்புகளிலும் வாயில் வளைவுகளிலும் பொறித்திருக்கும் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணில் பட்ட ஆண்டை அப்படியே கட்டடத்தின் வயதாகக் கொள்ளாதீர்கள். இத்தெருவின் புனித மரியன்னை இணைப் பேராலய வாயிலில் உள்ள 1642, கப்பூச்சின் என்னும் கத்தோலிக்கத் துறவியர் சென்னையில் பணி தொடங்கிய ஆண்டைக் குறிக்கிறது. இன்று நிற்கும் ஆலயமோ பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிறுவனம் தொடங்கிய ஆண்டா, கட்டிய ஆண்டா, புதுப்பித்த ஆண்டா என்ற கேள்வியை ஒவ்வொரு கல்வெட்டிடமும் கேட்டாக வேண்டும்.

அடுத்து, ஆண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளைக் கவனியுங்கள். வணிகத்துக்காகச் சென்னையில் குடியேறிய ஆர்மீனியர்களின் முதல் தேவாலயம் 1712இல் எழுந்தது. இத்தெருவில் நிற்கும் இப்போதைய தேவாலயம் 1772ஆம் ஆண்டினது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தேடினால் நகரத்தின் கதையே விரிகிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றி 1749 வரை வைத்திருந்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நெருங்கிவிடுவான் என்பதால், வடக்கே இருந்த பழைய ஊர் தரைமட்டமாக்கப்பட்டு, பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாயும் வெட்டவெளியாக ஆக்கப்பட்டது. அதற்கு அப்பால் வளர்ந்த ஊரே இன்றைய ஜார்ஜ் டவுன். அந்த வெளியின் எல்லையைக் காட்ட 1773இல் நடப்பட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே இன்றும் நிற்கிறது. தெருவைப் பார்க்க வருபவர்கள் அதையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

ஆர்மீனியத் தேவாலயத்தின் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 1754ஆம் ஆண்டின் ஆர்மீனிய எழுத்துகளைத் தாங்கியது. அதே மணி 1808இல் மீண்டும் வார்க்கப்பட்டதை அதிலுள்ள தமிழ் எழுத்துகள் சொல்கின்றன. வேறு இரண்டில் லண்டன் வார்ப்பாளரான தாமஸ் மியர்ஸின் பெயர் உள்ளது. ஒரே கூண்டுக்குள் இத்தனை ஊர்களின் கைவேலை சேர்ந்திருப்பது எனக்குப் பெரும் வியப்பைத் தருகிறது. இத்தகைய எழுத்துகளைப் பிழையாகத் தோன்றுவதையும் திருத்தாமல் அப்படியே படியெடுங்கள். தேய்ந்த கல்லறைக் கல்லைச் சாய்வாக வெயில் விழும் நேரத்தில் படமெடுத்தால் எழுத்து தெளியும். சுண்ணக்கட்டி தேய்ப்பது கல்லுக்குக் கேடு. உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை 1794இல் சென்னையில் தொடங்கிய ஹருத்தியூன் ஷ்மாவோனியனும் இவ்வளாகத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இதற்குப் பிறகே காகிதங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் முன் அனுமதி பெற்றுப் பழைய வரைபடங்களையும் நகர விவரத் தொகுப்புகளையும் பார்க்கலாம். சென்னையில் கதவிலக்கங்கள் மாறியிருப்பதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்து ஓர் அட்டவணையை முதலிலேயே தயாரித்துவிடுங்கள்; இல்லையெனில் பக்கத்துக் கட்டடத்தின் வரலாற்றை எழுதிவிட நேரும்.

பலர் எட்டிப்பார்க்காத சுரங்கம் பத்திரப்பதிவு அலுவலகம். வில்லங்கச் சான்றைக் கொண்டு பின்னோக்கிச் சென்று, உரிமையாளரின் இசைவோடு தாய்ப்பத்திரத்தைப் படித்தால், நான்கெல்லை விவரத்தில் வடக்கே இன்னார் வீடு, கிழக்கே இன்னார் கிடங்கு என்று அக்காலத்து அண்டை அயலாரும் கிடைத்துவிடுவார்கள். ஒரு மனையின் பத்திரம் ஐந்து மனைகளுக்குச் சாட்சி.

முதியவர்களிடம் பேசும்போது கட்டடம் எத்தனை ஆண்டு பழையது என்று கேட்காதீர்கள். உங்களுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள், என்ன வியாபாரம் நடந்தது என்று கேளுங்கள். அன்னி பெசன்ட் தன்னாட்சிக் கோரிக்கையை முழங்கிய கோகலே மன்றமும், பின்னி நிறுவனத்தின் அலுவலகமும் இருந்த தெரு இது. கோகலே மன்றத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டுவிட்டதை நினைத்தால், இந்த வேலையைத் தள்ளிப்போடுவதற்கில்லை என்பது புரியும்.

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் எதிரே அது கல்லிலிருந்து வந்ததா, பத்திரத்திலிருந்தா, வாய்மொழியிலிருந்தா என்று குறித்துவிடுங்கள். மூன்றும் முரண்பட்டால் மூன்றையும் எழுதுங்கள். முடித்ததும் ஒரு படியை அருகிலுள்ள கிளை நூலகத்திலும், மற்றொன்றைப் பத்திரம் காட்டி உதவிய குடும்பத்திடமும் கொடுத்து வையுங்கள்.