லண்டனின் பழைய பப்கள்: செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போங்கள்

செவ்வாய் அல்லது புதன், பிற்பகல் மூன்று மணி. லண்டனின் பழைய பப்களைப் பார்க்க இதைவிட நல்ல பொழுது கிடையாது. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும். அலுவலகம் விட்டு வந்து நடைபாதை வரை நின்று குடிக்கும் கூட்டம் சேர்ந்திருக்காது. சனி, ஞாயிறு வேண்டாம். காரைக்குடியிலிருந்து வந்த அண்ணன் மகனை ஒரு சனிக்கிழமை பெருமையாக அழைத்துப் போனேன். சந்துக்குள் நுழைந்தால் பூட்டிய கதவு. அலுவலகங்கள் நிறைந்த சிட்டி பகுதியில் வார இறுதியில் திறக்காத பப்கள் உண்டு. விசாரிக்காமல் போனது என் தப்பு. பையன் பூட்டைப் படம் பிடித்துக் குடும்பத்தார் அனைவருக்கும் அனுப்பிவிட்டான்.

ஹோபர்ன் பக்கம் இருபது வருடம் கணக்கு எழுதியவள் நான். குடிப்பது அரை பைண்ட், அதாவது 284 மில்லி. பல நாள் அதுவும் இல்லை. எலுமிச்சைச் சாறு கலந்த சோடாதான். அதைக் கேட்டதற்காக யாரும் என்னை ஏற இறங்கப் பார்த்ததில்லை. டாஸ்மாக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தனியாக வரும் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது இங்கே சாதாரணம்.

மேசையில் உட்கார்ந்து ஆள் வரும் என்று காத்திருக்காதீர்கள்; வராது. நீங்களே கவுண்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, கையோடு வாங்கி வர வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. யார் முதலில் வந்தார் என்பது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரியும், உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். கையை ஆட்டிக் கூப்பிட்டால் உங்கள் முறை இன்னும் தள்ளிப் போகும். நீண்ட கைப்பிடியை இழுத்து ஊற்றும் ஏல் வகை பீரைக் கேளுங்கள். நிலவறையில் 11 முதல் 13 டிகிரி குளிரில் வைத்திருப்பார்கள். ஐஸ் போல் இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம், அதன் பக்குவமே அதுதான். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம். டிப்ஸ் தேவையில்லை.

ஒரு நாளைக்கு மூன்று பப் போதும். பிளாக்ஃப்ரையர்ஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே ஆப்பு போல் நிற்கும் 'பிளாக் ஃப்ரையர்'தான் தொடக்கம். டொமினிக்கன் துறவியரின் மடம் இருந்த இடம் இது. 1905இல் தொடங்கி உள்ளே பளிங்கும் மொசைக்கும் செப்புத் தகடுகளும் இழைத்து, எங்கு பார்த்தாலும் கொழுத்த துறவிகளாக நிறைத்துவிட்டார்கள். 1960களில் இடிக்க இருந்ததைக் கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் போராடித் தடுத்தார்கள். துறவிகள் மீனும் விலாங்கும் பிடிக்கும் செப்புச் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். 'நாளை வெள்ளிக்கிழமை' என்பது அதன் தலைப்பு. வெள்ளியன்று இறைச்சி கூடாது, அதனால் வியாழனே மீனுக்கு அலைகிறார்கள். வெள்ளிக்கிழமை மீன் சட்டியையே கவிழ்த்து வைக்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு இது தீராத வேடிக்கை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஃப்ளீட் தெருவின் 'ஓல்ட் செஷயர் சீஸ்'. வாசல் சந்துக்குள் இருக்கிறது. லண்டனை எரித்த 1666 பெருந்தீக்கு அடுத்த வருடமே திரும்பக் கட்டிய இடம். அதன் பிறகு ஆண்ட அரசர், அரசியர் பெயரெல்லாம் வாசல் பலகையில் வரிசையாக இருக்கும். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கண் பழகும்வரை ஒரு நிமிடம் நின்றுவிடுங்கள். நிலவறைக்கு இறங்கும்போது தலை பத்திரம். ஓர் அறையின் வாசலுக்கு மேல் 'இங்கே ஆண்களுக்கு மட்டும்' என்ற பழைய அறிவிப்பு இன்னும் இருக்கிறது. நான் அதற்கு நேர் கீழே நுழைந்துதான் என் சோடாவை வாங்குவது வழக்கம். அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் இங்கே உட்கார்ந்திருந்தார் என்பார்கள். வீடு பின்னால் காஃப் சதுக்கத்தில்தான், வந்திருக்கலாம். ஆனால் அவர் வாழ்க்கை வரலாற்றை, தும்மியதைக்கூட விடாமல் எழுதிய பாஸ்வெல் இந்த இடத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்றாவதுதான் என் பிள்ளை: ஹை ஹோபர்னில் 'பிரின்சஸ் லூயிஸ்'. இருபது நிமிட நடை. உள் அலங்காரம் 1891இல் செய்தது. நடுவில் கவுண்டர், அதைச் சுற்றி மரமும் பூவேலைக் கண்ணாடியும் கொண்டு தடுத்த சிறு சிறு அறைகள். ஓர் அறைக்குள் நின்றால் பக்கத்து அறைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் நிழல். குரல் கேட்கும், முகம் தெரியாது. இந்த அழகின் காரணம் அழகானதல்ல. விக்டோரியா காலத்தில் எசமானும் கூலியாளும் ஒருவரையொருவர் பாராமல் குடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கே குவளைக்குப் பதில் தடுப்பு. சுவரில் பதித்த ஓடுகளையும் கண்ணாடியையும் நிதானமாகப் பாருங்கள், படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். இதையும் செஷயர் சீஸையும் நடத்துவது யார்க்ஷயரின் சாமுவேல் ஸ்மித் நிறுவனம். பாட்டு, டிவி கிடையாது, கைபேசியை நோண்டுவதும் அவர்களுக்குப் பிடிக்காது.

கிளம்பும்போது காலிக் குவளையைக் கவுண்டரில் வைத்துவிட்டு வாருங்கள். சதர்க்கில் 1677இல் கட்டிய 'ஜார்ஜ்' விடுதி இன்னொரு நாளைக்கு.

பிரின்சஸ் லூயிஸில் ஆண்களின் கழிவறையையும் பார்க்கத் தவறாதீர்கள். பளிங்கில் செய்தது, அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் பகுதி. பூட்டுக்கு ஈடாக மறு செவ்வாயே அண்ணன் மகனைக் கூட்டிப்போய் உள்ளே அனுப்பினேன். வெளியே வந்தவன், "அத்தை, ஆத்தங்குடிக் கல் தோற்றது" என்றான். இருபது வருடமாகப் போய் வருகிறேன், நான் இன்னும் பார்க்கவில்லை.