மில் இரைச்சலுக்குள்ளும் பஸ் இரைச்சலுக்குள்ளும் நித்திரை கொள்ள: காதுக்கு எதை வாங்குவது?

நான் ஒரு தாதி. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இரவு முழுக்க வாட்டில் நின்றுவிட்டு, காலை எட்டு மணிக்குத்தான் பாயில் சாய்வேன். எங்கட வீடு மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் போற ரோட்டில், உள்ளே பிரியும் ஒரு கிரவல் ஒழுங்கையில் இருக்கு. பின் வேலிக்கு அங்கால அரிசி மில். நான் படுக்கிற நேரம்தான் அவர்கள் மோட்டரைப் போடுகிற நேரம். இதுக்கு மேல், மாதம் ஒருக்கா அம்மாவை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு இரவு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வரவேணும். விடியக் கொழும்பில் இறங்கி, புறக்கோட்டையில் 138 பஸ் எடுத்து, கிளினிக் வரிசையில் மத்தியானம் வரை நின்றுவிட்டு, அன்றிரவே திரும்பி வருவோம். அந்த இரண்டு இரவும் நித்திரை இல்லாமல் அடுத்த நாள் டியூட்டிக்குப் போய் நோயாளிக்கு மருந்து அளக்கிறது எவ்வளவு பயமான வேலை என்று அந்த இடத்தில் நின்றவர்களுக்கு விளங்கும். அதனால்தான் காதுக்குள் போடுகிற சாமான்களை நான் இவ்வளவு கவனமாகப் பார்த்துப் பார்த்து வாங்கத் தொடங்கினேன்.

கடைக்குப் போக முதல் ஒரு கொப்பித் தாளை எடுத்து, உங்களை எழுப்புகிற சத்தங்களை எழுதுங்கோ. நான் எழுதினது இப்படி: மில் மோட்டர், பஸ் எஞ்சின், ஏசி, தகரத்தில் மழை, பஸ்ஸில் போடுகிற படம், ஹோன், பின் சீற்றில் போனில் கதைக்கிற ஆள், விடியப்புறம் மயில். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது ஒரே சீராக இரைகிற சத்தமா, இல்லாட்டி திடீரென்று வெட்டிக்கொண்டு வருகிற சத்தமா என்று குறியுங்கோ. எதை வாங்கவேணும் என்பதில் பாதி முடிவு இந்தத் தாளிலேயே வந்துவிடும்.

ஏனென்றால் சத்தத்தை மறிக்க இரண்டு வழி இருக்கு. ஒன்று, காதுத் துவாரத்தை இறுக்கமாக மூடுகிறது. மற்றது ஏ.என்.சி. என்கிற மின்னணு முறை. இயர்பட்டின் வெளிப்பக்கத்தில் உள்ள குட்டி மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கும், உள்ளே இருக்கிற சிப் அதே அலையைத் தலைகீழாக்கி உங்கள் காதுக்குள் விடும். வாற ஊஞ்சலை அதே வேகத்தில் எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் நின்றுவிடும் அல்லவா, அதுபோல இரண்டு அலையும் ஒன்றையொன்று அடக்கும். நல்ல வகைகளில் உள்பக்கமும் ஒரு மைக் இருக்கும். மிச்சமாய்க் கேட்கிறதை அது திருத்தும்.

ஆனால் ஊஞ்சல் எப்ப வரும் என்று தெரிந்தால்தான் தள்ளலாம். எஞ்சின், மோட்டர், ஏசி எல்லாம் தாழ்ந்த குரலில் ஒரே சீராக இரைகிறவை. ஏ.என்.சி. அவற்றை நன்றாக அமத்தும். மயில் அப்படி இல்லை. எங்கட பக்கத்தில் விடியக் காலை முதிரை மரத்தில் இருந்து மயில் கத்தினால், உலகத்தில் உள்ள எந்த ஏ.என்.சி.யும் அதைப் பெரிதாகக் குறைக்காது. கீச்சுக் குரல், ஹோன், குழந்தை அழுகிற சத்தம் எல்லாம் காதை இறுக்கி மூடினால்தான் குறையும். தகரத்தில் மழை விழுகிற சத்தமும் அப்படித்தான்.

ஆகவே எல்லாரும் முதலில் வாங்கவேண்டியது இயர்பட்ஸே இல்லை. பாமசியில் விற்கிற ஃபோம் காதுச் செருகி. சொற்பக் காசு. பஞ்சை உருட்டி வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை என்று வாட்டில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பருத்திப் பஞ்சு கிட்டத்தட்ட ஒன்றையும் மறிக்காது. ஃபோம் வேறு. பக்கற்றில் எஸ்.என்.ஆர். என்று போட்டு 30, 34, 37 என்று ஒரு எண் இருக்கும். எத்தனை டெசிபல் சத்தத்தை அது குறைக்கும் என்கிற கணக்கு அது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். ஆனால் அந்த எண் ஆய்வுகூடத்தில் வடிவாகச் செருகி அளந்தது. நாங்கள் அரைகுறையாகச் செருகினால் அதில் பாதிகூடக் கிடைக்காது.

செருகுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேணும். எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் இதில்தான் பிழை விடுகினம். செருகியை இரண்டு விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் வைத்து, ஊதுபத்திக் குச்சிபோல ஒடுங்கும் வரை, மடிப்பு விழாமல் உருட்டுங்கோ. வலது காதுக்கென்றால் இடக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து, காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கோ. அப்படி இழுத்தால்தான் வளைந்த துவாரம் நேராகும். இப்போது ஒரே தள்ளில் உள்ளே விட்டு, விரலை எடுக்காமல் முப்பது எண்ணுங்கோ. அது உள்ளே மெல்ல விரிந்து, சத்தம் ஒவ்வொரு படியாக இறங்குவது உங்களுக்கே தெரியும். முழுவதையும் உள்ளே தள்ளவேண்டாம். பிடித்து எடுக்க ஒரு நுனி வெளியே இருக்கவேணும். எடுக்கும்போது சுழற்றிச் சுழற்றி மெதுவாக எடுங்கோ, வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை நோகும்.

அம்மாவுக்கு நான்தான் செருகிவிடுகிறேன். மருந்து ஏத்தின பிறகு அவவின் விரல் நுனிகள் விறைத்துப் போச்சு, உருட்ட முடியாது. வவுனியா தாண்டின பிறகு, "பிள்ளை, அந்த மஞ்சள் செருகியைத் தா" என்பா. பஸ் லைற் அணைந்த இருட்டில் ஒரு கையால் அவவின் காது மடலை இழுத்து, மற்றக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணுவேன். இருபது வர முதலே சில நாளில் தலை என் தோளில் சாய்ந்துவிடும்.

இனி இயர்பட்ஸ். நான் முதல் வாங்கினது 4,500 ரூபாய்க்கு ஒரு ரவுன் கடையில். பெட்டியில் பெரிய எழுத்தில் சத்தத்தை நீக்கும் என்று இருந்தது. கடைக்காரத் தம்பியும், "அக்கா, ஒண்டும் கேக்காது" என்றார். வீட்டுக்கு வந்து போட்டால் மில் அப்படியே கேட்டது. பெட்டியைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் ஓரத்தில் சின்னதாக இ.என்.சி. என்று இருந்ததைக் கண்டேன். இந்த இரண்டு எழுத்துச் சேர்க்கையையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கோ. இ.என்.சி. என்றால் நீங்கள் போனில் கதைக்கும்போது உங்கள் பக்கத்துச் சத்தம் மறுபக்கத்து ஆளுக்குக் கேட்காமல் குறைப்பது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஏ.என்.சி. புளூடூத் 5.3, 5.4 என்று போடுகிற எண்ணுக்கும் சத்தம் மறிப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பெட்டியை நம்பாமல் சோதிக்க ஒரு வழி: கடையில் ஃபேன் ஓடுகிற இடத்துக்குக் கிட்டப் போய் நில்லுங்கோ. பாட்டுப் போடவேண்டாம். இரண்டு காதிலும் போட்டு, ஏ.என்.சி.யை ஒருக்கா நிறுத்தி ஒருக்கா போட்டுப் பாருங்கோ. உண்மையான ஏ.என்.சி. என்றால் ஃபேனின் "ம்ம்ம்" என்கிற அடிக்குரல் யாரோ கதவைச் சாத்தினதுபோல் போய், "ஸ்ஸ்" என்கிற காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சும். ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்கோ. சிலருக்கு அது போட்டவுடன் காது அடைப்பதுபோல் ஒரு அழுத்தம் தெரியும். அதையும் கடையில் வைத்தே ஐந்து நிமிடம் பார்க்கிறது நல்லது.

அதைவிட முக்கியம் நுனி றப்பர். பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சோடி வரும். எல்லாரும் ஏற்கெனவே பூட்டியிருக்கிற நடுத்தரத்தோடயே இருந்துவிடுகினம். என் வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குச் சின்னது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் போச்சு. போட்டுக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கோ: உங்கள் குரல் குடத்துக்குள் இருந்து கதைப்பதுபோல் தலைக்குள் முழங்கினால் துவாரம் மூடியிருக்கு. விரலால் மெல்ல அமத்தும்போது வெளிச்சத்தம் இன்னும் குறைந்தால் மூடவில்லை, வேறு அளவு போடவேணும். சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த இரைச்சல் அதற்குள்ளால் வந்துவிடும், ஏ.என்.சி.யும் தோற்கும். நுனி றப்பரே இல்லாமல் காதோரத்தில் சும்மா தொங்குகிற வகையை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். றப்பர் வழுக்கினால், ஃபோமில் செய்த நுனி தனியாக வாங்கிப் போடலாம். அது இன்னும் நன்றாக மறிக்கும், ஆனால் கெதியாகப் பழுதாகும்.

பஸ்ஸில் ஒரு விசயம் யாரும் சொல்லித்தரமாட்டினம். ஏசி இல்லாத பஸ்ஸில் திறந்த யன்னலோரம் இருந்தால், காற்று நேராக வெளி மைக்கில் அடித்து, ஏ.என்.சி.யே "புறபுற" என்று ஒரு புதுச் சத்தத்தைக் காதுக்குள் கொண்டுவரும். முதல் தரம் இயர்பட் உடைந்துபோச்சு என்றுதான் நினைத்தேன். நடைபாதைப் பக்கச் சீற்றுக்கு மாறுங்கோ, அல்லது ஏ.என்.சி.யை நிறுத்திவிட்டு வெறும் மூடலோடு இருங்கோ. யன்னல் திறந்த கோச்சிக்கும் இதே கதைதான். தண்டவாளத்தின் "தடக் தடக்" ஓரளவு கேட்டுக்கொண்டுதான் இருக்கும். எனக்கு அது நித்திரையைக் கெடுப்பதில்லை.

பற்றறிக் கணக்கிலும் ஏமாறவேண்டாம். 30 மணித்தியாலம் என்று போடுவது பெட்டியோடு சேர்த்த கணக்கு. ஏ.என்.சி. போட்டபடி ஒரே தரத்தில் எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கோ. எங்கட பயணம் எப்படியும் எட்டு மணித்தியாலம் வரும். என்னுடையது ஆறுதான் நிற்கும். தேத்தண்ணிக்கு பஸ் நிற்கும்போது பெட்டிக்குள் போட்டுவிட்டு இறங்குவேன், அந்தக் கால் மணித்தியாலச் சார்ஜ் மிச்சத் தூரத்துக்குப் போதும். நித்திரையில் கழன்று சீற்றுக்கடியில் உருண்டால் தேடி எடுக்கேலாது. அதனால் தலையைச் சுற்றி ஒரு சால்வை கட்டிக்கொள்வேன்.

வீட்டில் படுக்க என்றால் வேறு கணக்கு. சரிந்து படுக்கிறவர்களுக்குக் காம்பு நீட்டின இயர்பட் தலையணையில் அமந்தி, ஒரு மணித்தியாலத்தில் காது நோகத் தொடங்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கோ: காது மடலின் மட்டத்தை விட வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது படுக்க உதவாது. நித்திரைக்கென்றே சின்னதாகத் தட்டையாகச் செய்த வகைகள் இருக்கு. போஸ் கம்பனி 2018இல் ஸ்லீப்பட்ஸ் என்று ஒன்றை விட்டு, பற்றறிப் பிரச்சினையால் அடுத்த வருடமே நிறுத்தியது. இப்போது சவுண்ட்கோர் ஸ்லீப் ஏ20 போன்றவை வருகுது. அதில் ஏ.என்.சி. இல்லை, காதை மூடித்தான் மறிக்கும். ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் என்ன அனுப்ப என்று கேட்டபோது நான் அதைத்தான் சொன்னேன். மில் மோட்டரை அது தனியாக அமத்தாது, மழைச்சத்தம் ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் அமரும். அந்த மழைச்சத்தத்தையும் மிகக் குறைவாக வையுங்கோ. உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபல் என்று எல்லை சொல்லியிருக்கு. நித்திரையில் ஏழு எட்டு மணித்தியாலம் தொடர்ந்து ஓடுகிறதென்றால் அதைவிட எவ்வளவோ கீழே நிற்கவேணும்.

குளத்தில், கிணற்றில் முழுகிவிட்டு ஈரக் காதோடு எதையும் செருகவேண்டாம், புண் வரும். சீழ் வடிகிற காதுக்கு ஒன்றுமே கூடாது. குறும்பி நிறைந்த காதுக்குச் செருகினால் அது இன்னும் உள்ளே போய் அடைக்கும். நுனி றப்பரைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணியில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கோ. ஃபோம் செருகி ஊத்தையானால், விரிகிற சக்தி போனால், எறிந்துவிடுங்கோ.

அப்பாவுக்கு நான் ஒன்றும் செருகுவதில்லை. 2009இல் மாத்தளனில் கிட்ட விழுந்த ஷெல்லுக்குப் பிறகு அவருக்கு ஒரு காது கேட்காது. மற்றக் காதில் எப்போதும் ஒரு இரைச்சல். எங்கட பக்கத்தில் இப்படி எத்தனையோ பேர் இருக்கினம், வெளியில் சொல்லாமல் இருக்கினம். அப்படியானவர்களின் காதை அடைத்தால் உள்ளிரைச்சல்தான் இன்னும் பெரிதாகக் கேட்கும். ஒருநாள் ஆசையாக ஃபோமைப் போட்டுவிட்டு, அவர் பதறி எழும்பினதைப் பார்த்துத்தான் நான் படித்தேன். அவருக்கு உதவினது மேசை ஃபேன் ஒன்றின் மெல்லிய சத்தம். இப்படி உள்ளவர்கள் எதையும் வாங்க முதல் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் ஒருக்கா காட்டுங்கோ.

கடைசியாக அந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, எந்தச் சத்தம் உங்களுக்குக் கட்டாயம் கேட்கவேணும் என்றும் எழுதுங்கோ. பஸ்ஸில் எனக்கு அது அம்மாவின் குரல். அதனால் அவவின் பக்கத்துக் காதை எப்போதும் திறந்து வைப்பேன், போனை அதிரவிட்டு இடுப்பில் செருகி, கொழும்புக்கு முதல் வருகிற நீர்கொழும்பை அடைகிற நேரத்துக்கு அலாரம் வைப்பேன். வீட்டில் பகலில் இரண்டு காதும் மூடலாம். இரவில் அப்படி இல்லை. வயல் கதிர் முற்றுகிற காலத்தில் யானை ஒழுங்கை வரை வரும். வாழை முறிகிற சத்தமும், யானை வெடி கொளுத்தச் சொல்லிப் பக்கத்து வளவில் கூப்பிடுகிற குரலும் யாராவது ஒருவருக்குக் கேட்டே ஆகவேணும். அப்பாவுக்குக் கேட்காது. ஆகவே நான் வீட்டில் இருக்கிற இரவுகளில் இயர்பட் பெட்டி அலுமாரிக்குள், தம்பி நிற்கிற இரவுகளில் மட்டும் என் தலைமாட்டில்.