தோள்வலி இடுப்பில் தீர்ந்தது

தனியாக மலையில் ஓர் இரவு தங்கும் பயணம். முதுகுப்பை 14 கிலோ. இரண்டு மணி நேர ஏற்றத்திலேயே தோள்கள் கழன்றுவிடும்போல் வலித்தன, விரல்கள் மரத்துப்போயின. வாரைத் தளர்த்தினால் பை பின்னுக்கு இழுத்தது.

சரி என்று பாறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். 3 லிட்டர் தண்ணீர், அதாவது 3 கிலோ, பையின் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே, முதுகை ஒட்டி நிறுத்தினேன். தூங்கும் பை அடியில் போனது. அப்புறம்தான் முக்கியமான வேலை: எல்லா வார்களையும் தளர்த்தி, இடுப்பு வாரை வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்பின் மேட்டில் உட்காரவைத்து முதலில் இறுக்கினேன். தோள் வார் கடைசியில், அதுவும் லேசாக. பாரம் சட்டென்று கால்களுக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு உணர்வு திரும்பியது. இருட்டுவதற்குள் கூடாரம் போட்டுவிட்டேன்.