படத்தில் இருப்பது சாரா, ட்ரௌட்டா, சால்மனா? கண்டுபிடிக்கும் வழி

நோர்வேயிலோ கனடாவிலோ இருக்கும் மச்சான் தூண்டிலில் பட்ட மீனைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். உடனே வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர் சால்மன் என்பார், இன்னொருவர் ட்ரௌட் என்பார். சார் என்று மூன்றாவது ஒன்று இருப்பது யாருக்கும் நினைவு வராது. மூன்றும் சால்மனிடே என்ற ஒரே குடும்பத்து மீன்கள். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்தபடியே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சாரை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துவிடலாம்.

முதலில் ஒன்று: நம் கடைகளில் ‘சமன் டின்’ என்று வாங்குவது பெரும்பாலும் மக்கரல். அதை வைத்துச் சால்மனைக் கற்பனை பண்ண வேண்டாம்.

படி 1: குடும்பம் சரியா?

முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சின்னச் சதைச் செட்டை ஒன்று தெரிய வேண்டும். அது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் சந்தையில் ஒரு கெளுத்தியைப் பாருங்கள், அதற்கும் உண்டு. கொடுவாவிலோ ஓராவிலோ தேடினால் கிடைக்காது. கெளுத்திக்கு மீசை உண்டு, செதில் இல்லை. சால்மன் குடும்பத்துக்குச் செதில் உண்டு, மீசை இல்லை. அதனால் குழப்பம் வராது.

படி 2: புள்ளியைப் பாருங்கள்

பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். வெளிர்ந்த உடம்பில் கறுப்புப் புள்ளி என்றால் சால்மன் அல்லது ட்ரௌட். இருண்ட உடம்பில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று வெளிர்ந்த புள்ளி என்றால் சார்.

சிவப்புப் புள்ளியை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிரவுண் ட்ரௌட்டுக்கும் சிவப்புப் புள்ளி உண்டு. ஆனால் பக்கத்திலேயே கறுப்புப் புள்ளியும் இருக்கும். தசையின் நிறமும் உதவாது. இறால் போன்றவற்றைத் தின்பதால் வரும் செம்மஞ்சள் நிறம் மூன்றிலும் இருக்கலாம்.

படி 3: கீழ்ச் செட்டைகள்

கடலுக்குப் போய் வந்த மீன் வெள்ளியாக மினுங்கும், புள்ளி மங்கிவிடும். அப்போது நெஞ்சு, வயிறு, குதச் செட்டைகளின் முன்விளிம்பைப் பாருங்கள். சார்களில் பலவற்றுக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்தது போல அங்கே வெள்ளையாக இருக்கும். செட்டையை விரித்துப் பிடித்து, பக்கவாட்டில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாகக் கேட்டு வாங்குங்கள். மீனை மார்போடு அணைத்துச் சிரித்துக்கொண்டு எடுத்த படத்தில் மச்சானின் ஜக்கெட்தான் தெளிவாகத் தெரியும்.

படி 4: வாய்க்குள்

மீன் இன்னும் கையில் இருந்தால் வாயைத் திறந்து மேலண்ணத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். நடு எலும்பின் முன்பக்கத்தில் மட்டும் பல் இருந்தால் சார். ட்ரௌட்டில் அந்தப் பல்வரிசை பின்னோக்கி நீளும்.

படி 5: பெயரைக் கடைசியில் கேளுங்கள்

புரூக் ட்ரௌட், லேக் ட்ரௌட், புல் ட்ரௌட் மூன்றும் உண்மையில் சார்கள்தான். ஆர்க்டிக் சாரோடு சேர்ந்து சால்வெலினஸ் என்ற பேரினத்தில் வருகின்றன. புரூக் ட்ரௌட்டின் முதுகில் புழு நெளிந்தாற்போல் கோடுகள் ஓடும். பக்கவாட்டுச் சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி நீல வளையம் இருக்கும். லேக் ட்ரௌட்டின் வால் ஆழமாகப் பிளந்திருக்கும்.

ட்ரௌட் என்ற பெயரே அப்படித்தான், எதையும் உறுதியாகச் சொல்லாது. பிரவுண் ட்ரௌட் அட்லாண்டிக் சால்மனோடு சால்மோ பேரினத்தில் இருக்கிறது. ரெயின்போ ட்ரௌட்டும் முன்பு அங்கேதான் இருந்தது. 1989இல் பசிபிக் சால்மன்களின் ஓன்கோரிங்கஸ் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். சார்களோ எல்லாம் ஒரே கிளை.

உலகின் வடகோடி வரை போன நன்னீர் மீன் ஆர்க்டிக் சார். குளிர்தான் அதற்கு வாழ்வு. நம் வாவியின் சூட்டில் அது பிழைக்காது. நேரில் பார்த்துப் பழக வேண்டுமானால் இலங்கையில் ரெயின்போ ட்ரௌட்தான் வழி. பிரித்தானியர் காலத்தில் மலைநாட்டு ஓடைகளில் விட்டது, ஹோட்டன் சமவெளியில் நிலைத்துவிட்டது. உடம்பிலும் வாலிலும் கறுப்புப் புள்ளி, பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை. படி 2-ஐ அதில் பழகிப் பாருங்கள்.