மோல்மேன் ரயிலுக்குத் தமிழ்ப் புத்தகம்: தேர்ந்தெடுப்பதிலிருந்து போனில் ஏற்றுவது வரை

அம்மா பர்மாவில் மோல்மேன் என்ற ஊரில் இருக்கிறார், நான் ரங்கூனில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ரயில் ஏறிவிடுவேன், ஒரு தடவைகூட அது என்னைப் பத்து மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டதில்லை. தமிழ் அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் சென்னை போய்வரும் சொந்தக்காரர் பெட்டியில் இடம் இருக்க வேண்டும், அதுவும் மருந்து, புடவை எல்லாம் போக. அதனால் இரண்டு வருடமாக நான் போனில்தான் படிக்கிறேன். எப்படி என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். ஆப் இறக்குவது, இறக்கிய ஃபைலைத் தேடி எடுப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தப் புத்தகம்

நம் ரயில் குலுங்குகிற குலுக்கலில் வரி தவறும். வழியில் பெகு ஸ்டேஷன் வந்தால் சோளம், காடை முட்டை என்று கூடையோடு ஏறுவார்கள், எதிர் சீட்டுப் பாட்டி பேச்சுக் கொடுப்பார். எங்கே நிறுத்தினாலும் உடனே திரும்ப ஒட்டிக்கொள்ள முடிகிற புத்தகம்தான் வேண்டும். என் அனுபவத்தில் இதற்குப் பழைய தொடர்கதைகளை அடிக்க எதுவும் இல்லை. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-இலிருந்து வாராவாரம் பத்திரிகையில் வந்த கதை; ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு வாரம் காத்திருக்க வைக்கிற மாதிரி முடியும், அளவும் சின்னது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஓர் அத்தியாயம் ஓடிவிடும். ஐந்து பாகம் இருப்பதால் போக ஒன்று, வர ஒன்று என்று வைத்தாலும் ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் தாங்கும்.

சிறுகதைத் தொகுப்பும் நல்லது. சங்கப் பாடல்களை உரையோடு படிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் ரயிலில் வேண்டாம். பாட்டுக்கும் உரைக்கும் மேலும் கீழும் போய்வந்து தலை சுற்றிவிடும்.

பர்மாவில் இருக்கிற நம்மவர்களுக்கு நான் கட்டாயம் சொல்கிற ஒன்று, வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’. பத்து வருடம் ரங்கூனில் இருந்து ‘ஜோதி’ என்ற பத்திரிகையை நடத்திய மனிதர், 1942-இல் ஜப்பான் படை நெருங்கியபோது ஊரைவிட்டுக் கிளம்பி மலைவழி நடந்து இந்தியா போய்ச் சேர்ந்ததை எழுதியிருக்கிறார். எங்கள் தாத்தாவின் அண்ணன் குடும்பம் அந்த வருடம் நடந்து போனவர்கள்தான், போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அந்தப் புத்தகத்தை ரயில் சன்னலோரம் உட்கார்ந்து படித்தபோது பாதியில் மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். மனசு தெளிவாக இருக்கிற நாளில் எடுங்கள்.

படி 2: எந்த ஃபைல்

இங்கேதான் நான் மாட்டினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ் நூல்கள் இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கும் இணையதளங்கள் என்றால் எனக்கு இரண்டு: 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், அப்புறம் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். முதல் தடவை மதுரைத் திட்டத்தில் மூன்று புத்தகம் இறக்கி, பெயரை மட்டும் பார்த்துவிட்டு ரயில் ஏறினேன். பெகு தாண்டித் திறந்தால் ஒன்றில் தமிழே இல்லை. தலைமேல் புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தேன், அது தப்பு. அது டிஸ்கி என்ற பழைய முறையில் தட்டச்சு செய்தது. ஆங்கில எழுத்துக்குப் போக மீதி இருந்த 128 இடங்களில் தமிழை உட்கார வைத்த முறை அது. அதற்கான எழுத்துரு போனில் இல்லையென்றால், அதே இடங்களில் இருக்கிற பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகள் வந்து நிற்கும். ஜோஜி என்ற பழைய முறையில் அடித்த பர்மியக் கடிதத்தை, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறை உள்ள போனில் திறந்தால் எழுத்து எப்படிச் சிதறும், 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறியபோது நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கடம்தான் இதுவும்.

தீர்வு ரொம்பச் சுலபம். ஒரே நூலுக்கு டிஸ்கி, யூனிகோடு என்று இரண்டு இருந்தால் யூனிகோடை எடுங்கள். டிஸ்கி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், வீட்டிலேயே கணினியில் என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ரயிலில் வைத்து எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது பிடிஎஃபா, மின்புத்தகத்துக்கென்றே உள்ள இபப் (EPUB) ஃபைலா. இபப் எடுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிடிஎஃப் அச்சிட்ட தாள் மாதிரி, எழுத்தைப் பெரிசாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், விரலால் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும், குலுங்குகிற ரயிலில் அது நடக்காது. இபப்பில் எழுத்தைப் பெரிசாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும். டேட்டா விஷயமும் இருக்கிறது: நான் இறக்கிய ஒரு ஸ்கேன் பிடிஎஃப் 60 எம்பி, அதே அளவு பக்கங்கள் உள்ள இபப் ஒரு எம்பிகூட இல்லை. இபப் இல்லாத நூலுக்கு, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் 6 இன்ச் திரைக்கென்றே ஒரு பிடிஎஃப் வைத்திருப்பார்கள், அதை எடுக்கலாம்.

அமேசானின் கிண்டில் வைத்திருப்பவர்கள் அங்கே இருக்கிற மோபி (பழைய கிண்டில் வடிவம்) ஃபைலை இறக்க வேண்டாம். கிண்டிலுக்கு அனுப்பும் வசதி 2022 முதல் இபப்பையே வாங்கிக்கொள்கிறது, மோபியை இப்போது ஏற்பதில்லை.

படி 3: எந்த ஆப்

ஆண்ட்ராய்டில் ரீட்எரா. விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லாது, நெட் இல்லாமலே ஓடும். ஐபோனில் அதோடு வருகிற புக்ஸ் ஆப் போதும். மற்ற ஆப்புகளையும் போட்டுப் பார்த்தேன், அமைப்புகளிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. எழுத்தை வீட்டில் படிப்பதைவிட இரண்டு அளவு பெரிசாக வையுங்கள், வரி இடைவெளியையும் கூட்டுங்கள். குலுக்கலில் வரி தவறாமல் இருக்க எழுத்து அளவைவிட இடைவெளிதான் அதிகம் உதவுகிறது.

படி 4: வீட்டிலேயே ஒத்திகை

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து, அட்டையோடு நிறுத்தாமல், நடுவில் ஒரு பக்கம், கடைசியில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். கிண்டில் ஆப்பில் அட்டைப்படம் தெரிவதால் புத்தகம் போனில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, ஒரு தடவை தட்டி இறக்கினால்தான் வரும். வழியில் நெட் வரும் என்று நம்பிக் கிளம்பவே வேண்டாம். பவர் பேங்கையும் அன்றைக்கு மின்சாரம் இருக்கிற நேரம் பார்த்து முதலில் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: டாங்கூவிலிருந்து ஒரு தம்பி, பிடிஎஃபைக் காலிபர் என்ற மின்புத்தக மென்பொருளில் இபப்பாக மாற்றினேன் அக்கா, எழுத்தெல்லாம் பிய்ந்து கிடக்கிறது என்று படம் அனுப்பியிருந்தார். பார்த்தால் ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று வந்திருக்கிறது. பல பிடிஎஃபுகளில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கிடக்கும், அதாவது கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். யூனிகோடில் ககரம்தான் முதலில் வர வேண்டும். மாற்றும் மென்பொருள் அதைச் சரிசெய்யாமல் அப்படியே எடுத்து வைத்துவிடுகிறது. ஒரு பக்கம் என்றால் கையால் திருத்தலாம், முந்நூறு பக்கத்தை என்ன செய்வது? தமிழ்ப் பிடிஎஃபை இபப்பாக மாற்றுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள் தம்பி, இபப்பாகவே இருக்கிற வேறு நூலைத் தேடுங்கள்.

இன்னொன்று: தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது, எனக்கு வழி உண்டா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். 1960களில் பர்மாவில் தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமை ஆன பிறகு தமிழ் எழுத்துப் படிக்காமலே வளர்ந்த ஒரு தலைமுறை நம்மில் இருக்கிறது, என் அம்மாவும் அதில் ஒருவர். உண்டு அக்கா. ரீட்எராவில் உரக்கப் படிக்கும் வசதி இருக்கிறது. போன் அமைப்பில் கூகுள் பேச்சுச் சேவைக்குள் போய்த் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்து, அந்தக் குரலை வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வழியில் பேசாது. இயந்திரக் குரல்தான், ழகரம் கொஞ்சம் தடுக்கும், பெயர்களைச் சில இடத்தில் பிரித்துச் சொல்லும். அம்மா போன மாதம் வழிநடைப் பயணத்தை இப்படித்தான் கேட்டார், வேகத்தை ஒரு படி குறைத்து வைத்தேன். வயசானவர்களுக்கு அந்த வேகம்தான் சரியாக வருகிறது.