ஸ்டேடியம் கட்டக் கடன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டேடியம் என்றதும் எல்லோரும் கேட்பது, ‘எத்தனை கோடி?’ என்றுதான். கடனை எந்த வரியிலிருந்து அடைப்பது, கட்டி முடித்த பிறகு வரும் செலவு யார் தலையில் விழும் என்பதைக் கேட்பவர்கள் குறைவு. ஊரின் கஜானா காலியாவது பெரும்பாலும் அங்கேதான்.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம் இருக்கும் ஹாமில்டன் கவுண்டியைப் பாருங்கள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி). 1996-ல் அங்கே வாக்கெடுப்பு நடத்தி, விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டினார்கள். பெங்கால்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஒரு ஸ்டேடியம், ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு இன்னொன்று. போதாததற்கு, வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரியில் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார்கள். வரி வசூல் வருடா வருடம் 3 சதவீதம் ஏறும் என்று நம்பிப் போட்ட கணக்கு அது. வசூல் அப்படி ஏறவில்லை. 2008 மந்தநிலையில் நிலைமை இன்னும் மோசமானது. தள்ளுபடியில் கை வைத்தார்கள். கவுண்டிக்குச் சொந்தமான ஒரு மருத்துவமனையையே விற்றார்கள். விளையாட்டு எனக்கும் உயிர்தான். ஆனாலும் ஆஸ்பத்திரியை விற்று மைதானக் கணக்கைச் சரிக்கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. வசூல் ஏறாமல் அப்படியே நின்றால் தவணை கட்ட முடியுமா என்று முதலிலேயே ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு, பெங்கால்ஸுடன் போட்ட குத்தகை ஒப்பந்தம். கட்டடத்தைப் பராமரிப்பது மட்டுமல்ல, மற்ற ஸ்டேடியங்களில் புதிய வசதிகள் வந்தால் அவற்றையும் கவுண்டியே வாங்கித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பட்டியலில் ஆட்டக் காட்சியை முப்பரிமாணத்தில் மறுபடி காட்டும் ஹோலோகிராம் ரீப்ளே கருவிகூட இருந்தது! எதிர்காலத்தில் என்ன வரும், என்ன விலை என்று யாருக்கும் தெரியாத பொருளுக்கெல்லாம் இப்போதே கையெழுத்துப் போடக் கூடாது. பராமரிப்பில் அணி எவ்வளவு தரும், அதிகபட்சம் எவ்வளவுக்கு நாம் பொறுப்பு என்பது தொகையாகவே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது, தவணையைத் தள்ளிப்போடுவது. மயாமியில் 2012-ல் திறந்த மார்லின்ஸ் பேஸ்பால் அரங்கத்துக்காக வாங்கிய கடனில் ஒரு பகுதி 9.1 கோடி டாலர். ஆரம்ப வருடங்களில் கட்ட வேண்டாம் என்ற வசதி இருந்தது. வட்டிக்கு வட்டி ஏறி, 2048-க்குள் அதற்குக் கட்ட வேண்டியது சுமார் 120 கோடி டாலர். தவணை எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. மொத்தம் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள்.

‘வேலைவாய்ப்பு பெருகும், ஊரே வளரும்’ என்ற அறிக்கையை வைத்துக் கடன் வாங்க வேண்டாம். பொருளாதார ஆய்வுகள் பலவும் அந்த வளர்ச்சியைக் காணவில்லை என்றே சொல்கின்றன. டிக்கெட்டுக்குப் போகும் பணம் பெரும்பாலும் அதே ஊரின் ஓட்டலுக்கும் சினிமாவுக்கும் போயிருக்க வேண்டிய பணம்தான்.

அப்புறம், கடனின் ஆயுள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிங்டோம் என்ற ஸ்டேடியம் 1976-ல் திறந்தது. 1994-ல் கூரையிலிருந்து ஓடுகள் விழ, பழுதுபார்க்க மேலும் கடன். 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடன் அடைந்தது 2015-ல்.